திருவிழாத் தண்ணீரை அளந்த மருதாத்தாள் அம்மையாருக்குப் பணிநிறைவு நாளில் வாசித்தளித்த மடல்

முப்பத்தொரு ஆண்டுகள் குடிநீர்ப் பணியில் மீட்டர் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதி, எழுதியதை எவர் முகத்துக்காகவும் திருத்தாத ஏற்றமிகு அம்மையீர்! நல்லேப்பிள்ளி வயலோரம் தொடங்கித் தமிழ்நாட்டு எல்லைச் செக்போஸ்ட் வரை முதலில் சைக்கிளிலும் பின்னர் ஸ்கூட்டரிலும் சென்று, வீடு வீடாக வாசலில் நின்று, வெயிலோடும் நாய்களோடும் வாதாடி, தண்ணீரின் நடப்பைத் தாளில் தந்த தகைமைமிகு பெருமாட்டியே! தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், குடிநீர்ப் பிரிவுப் பணியாளர்களும் மாரியம்மன் திருவிழாக் கமிட்டியாரும் ஒன்றாக எழுந்து நின்று தங்களை வணங்குகிறோம்.

இதை எழுதியவன் பெரிய தோட்டத்து ராக்கப்பன். வயது எழுபத்தெட்டு. திருவிழாக் கமிட்டியின் தலைவன். முறைப்படி இம்மடலைத் தங்களோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதவும் செய்தார்கள். தாங்கள்தான் அதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். சென்ற மாதம் பம்ப் ஆபரேட்டர் ஆறுச்சாமி என் வீட்டுக்கு வந்து, நாற்காலி போட்டும் உட்காராமல், நின்றபடியே அதைச் சொன்னார்.

"'நேர்மையின் சிகரமே'ன்னு எழுதி வெச்சோமுங்க. அக்கா வேண்டாமுன்னுட்டாங்க. ஆபீஸு ரிஜிஸ்தர்ல பொய்யளவு எழுதுனவளுன்னு இருக்குது, ஊட்டுச் செவுத்துல நேர்மைன்னு கண்ணாடி போட்டு மாட்டுனா, வர்றவங்க எதைங்க நம்புவாங்கன்னு கேக்கறாங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ரிஜிஸ்தர்ல அப்படி ஏறுனது நீங்க எழுதிக் குடுத்ததுனாலதானுங்களே" என்றார்.

அவர் சொன்னது மெய். தங்கள் பணிப் பதிவேட்டில் இருக்கும் அந்த ஒரு வரி, என் கையால் நான் எழுதிய புகாரிலிருந்து பிறந்தது. அந்த வரி இருக்கும்வரை எந்தப் பாராட்டையும் ஏற்க மாட்டேன் என்று தாங்கள் சொன்னது முறை. ஆகவே வழக்கத்தை மீறி, இம்மடலில் தங்கள் பெருமைகளோடு எங்கள் பிழையையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். சபையிலுள்ள பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அளவையில் அசையாத அம்மையீர்!

2017ஆம் ஆண்டுப் பங்குனி நம் ஊரில் எவருக்கும் மறந்திருக்காது. இரண்டு மழையும் பொய்த்து, தென்னை மட்டைகள் பழுத்துத் தொங்கி, ஊர்க் கிணறுகளில் வாளி அடித்தரையில் மோதிய வருடம். அந்த நிலையிலும் மாரியம்மன் திருவிழாவைக் குறைவில்லாமல் நடத்த வேண்டும் என்று கமிட்டி தீர்மானித்தது. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும்படி நான்கு இடத்தில் போர்டு எழுதி வைத்தால் போதும் என்பது எங்கள் எண்ணம். தாங்களோ, எவ்வளவு செலவாகிறது என்று தெரியாமல் எதைக் குறைப்பது என்று கேட்டீர்கள். அதுவரை எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை.

சமையல் கொட்டகைக்கு ஒன்று, பந்தி முடிந்து கை கழுவும் இடத்துக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, எங்கள் குடும்பத்து நீர்ப்பந்தலுக்கு ஒன்று என நான்கு மீட்டர்களைத் தாங்களே முன்னின்று பொருத்தினீர்கள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதை வாழையிலைக் கட்டுகளை வைத்து எண்ணினீர்கள். பந்தலில் ஒரு டம்ளர் தண்ணீர் போனால் டப்பாவில் ஒரு புளியங்கொட்டை. தேர் பார்க்க வந்த பெண்கள், பல்லாங்குழி ஆடத் துணைக்கு ஆள் வேண்டுமா என்று கேலி செய்தார்கள். தாங்களும் சிரித்தபடி, ஆடலாம், ஆனால் கொட்டையைத் திருடக் கூடாது என்றீர்கள். மூன்று நாளும் மதியச் சாப்பாட்டுக்குக் கூடத் தாங்கள் அந்த டப்பாவை விட்டு நகரவில்லை என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இனி எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

கோயிலில் கம்பம் நட்டவுடன் பெரிய தோட்டத்து வீட்டின் மூத்தவர் பந்தல் குழாயைத் திறப்பார். மூன்றாம் நாள் கம்பம் பிடுங்கும்வரை அதை எவரும் மூடக் கூடாது. தொட்டி நிறைந்து வழிந்தாலும் மூடக் கூடாது. தாகத்தோடு வருபவர் கண்ணில் மூடிய குழாய் படுவது எங்கள் குடும்பத்துக்குக் குறை என்று நான் சொல்லி வந்தேன். என் தம்பிமாரும் அவர்கள் மக்களும் அதை அப்படியே நம்பினார்கள். நானும் நம்பினேன்.

இரண்டாம் நாள் மாலை, கூட்டம் சற்றுத் தணிந்த வேளையில், இரவு நேரத்தில் மட்டுமாவது குழாயை மூடலாமா என்று தாங்கள் கேட்டீர்கள். நூறு வருடத்து வழக்கம், என் பாட்டனார் காலத்தில் ஏற்பட்டது, அதில் கை வைக்க முடியாது என்றேன். அப்போது தாங்கள் கேட்ட கேள்வி சுற்றியிருந்த இருபது முப்பது பேர் காதிலும் விழுந்தது.

"ஏனுங்கய்யா, ஊருக்குக் கொழாயே வராத காலத்துல உங்க பாட்டனாரு எதைத் தொறந்து வெச்சிருப்பாருங்க?"

தாங்கள் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டீர்கள். ஆனால் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சங்கையா என்ற பலகாரக் கடைக்காரர், "அம்மிணி கணக்குல கெட்டிங்க" என்றார். அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை. அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும் என்பதுதான் இப்போது சொல்ல வேண்டியது. என் பாட்டனார் காலத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றிலிருந்து வண்டியில் தண்ணீர் வரும். பந்தலில் ஏழு பானைகள் இருக்கும். எந்தப் பானையும் காலியாக இருக்கக் கூடாது என்பதே அவர் வைத்த வழக்கம். ஒரு செம்பு மொண்டால் ஒரு செம்பு ஊற்ற வேண்டும். கீழே சிந்தினால் சிந்தியவருக்கு ஏச்சு விழும். 1994இல் பந்தலுக்குக் குழாய் இழுத்தபோது பானைகளை எடுத்துவிட்டு, குழாயை மூடக் கூடாது என்று மாற்றியவன் நான். நூறு வருடத்து வழக்கம் என்று நான் காத்தது இருபத்து மூன்று வருடத்து வழக்கம். அதுவும் பாட்டனார் வைத்ததற்கு நேர் எதிரானது.

திருவிழா முடிந்த மறுநாள் தங்கள் அறிக்கை வந்தது. பந்தல் மீட்டரில் ஓடியது முப்பத்தெட்டாயிரத்து நானூறு லிட்டர். புளியங்கொட்டை எண்ணிக்கைப்படி மக்கள் குடித்தது அதிகம் போனால் மூவாயிரம். மிச்சம் எல்லாம் தெருவில் ஓடி, பஸ் ஸ்டாப் எதிரில் சேறாகி நின்றது. திருவிழா முழுவதற்கும் வந்த ஒருவருக்குப் பத்தொன்பது லிட்டர் செலவு என்றும், முதலில் மூட வேண்டியது பந்தல் குழாய் என்றும் தாங்கள் எழுதியிருந்தீர்கள்.

அன்றே நான் மேலிடத்துக்குப் புகார் எழுதினேன். மீட்டர் பழுது என்றேன். அளவு பொய் என்றேன். பரம்பரை வழக்கத்தைப் பலர் முன்னிலையில் இழிவுபடுத்தினார் என்றேன். பந்தல் தண்ணீர் வீணாகவில்லை என்பதற்குச் சான்றாக ஒரு படத்தையும் இணைத்தேன். மூன்றாம் நாள் காலை, எங்கள் தொட்டியைச் சுற்றிப் பெண்கள் குடங்களோடு வரிசையில் நிற்கும் படம். எங்கள் வீட்டு நீரை நாடி மக்கள் எப்படித் திரண்டு வருகிறார்கள் என்று அதற்குக் கீழே பெருமையாக எழுதி, அடுத்த ஆண்டு விழா மலரிலும் அச்சிட்டோம்.

மீட்டரைச் சோதனைக்கு அனுப்புங்கள் என்று தாங்கள் இரண்டு முறை எழுதிக் கேட்டீர்கள். எவரும் அனுப்பவில்லை. பெரிய தோட்டத்து வீட்டார் சொன்னால் போதும், சோதனை எதற்கு என்று விட்டுவிட்டார்கள். தங்கள் பதிவேட்டில் பொய்யளவு என்று ஏறியது. வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. தங்களைக் குமுளிக்கு மாற்றினார்கள்.

பொறுமையில் பூமியை ஒத்த பெருமாட்டியே!

குமுளியில் கழித்த ஐந்து ஆண்டுகளைத் தாங்கள் எங்கும் குறையாகச் சொன்னதில்லை என்று ஆறுச்சாமி சொல்கிறார். தாயாரை உடன் அழைத்துப் போனீர்கள். மலைக் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் நான்கு மாதத்தில் ஊருக்கே திரும்பிவிட்டார். அதன் பிறகு மாதம் ஒருமுறை, குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்து, தாயாருக்கு மாத்திரையும் மளிகையும் வாங்கி வைத்துவிட்டு மறுநாளே திரும்பிப் போனீர்கள். ஒருமுறை இரவு நேரத்தில் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் தாங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவதை நான் பார்த்தேன். எழுப்பிப் பேசாமல் வேறு பஸ்ஸில் ஏறினேன்.

2019இல் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக நான் குமுளிக்குப் போக நேர்ந்தது. அங்கே ஒரு மாதா கோயிலில் பெருநாள் நடந்துகொண்டிருந்தது. கோயில் வாசலில் ஒரு கரும்பலகை. நேற்று வந்தவர்கள் இத்தனை பேர், செலவான தண்ணீர் ஒருவருக்கு ஆறு லிட்டர் என்று அதில் எழுதியிருந்தது. இதை யார் செய்கிறார்கள் என்று பந்தியை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்த பாஸ்கல் என்பவரிடம் கேட்டேன். ஏலக்காய்த் தோட்டத்தில் மேஸ்திரி, நல்ல பேச்சுக்காரர்.

"பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த அக்கா ஒருத்தவுகய்யா. அங்கன ஏதோ பெரிய வீட்டுக்காரரு எழுதிப்போட்டு இங்க தட்டி விட்டுட்டாராம். அந்த மகராசன் மட்டும் இந்தப் பக்கம் வந்தாருன்னு வைங்க, மைக்குல கூப்பிட்டு ஒரு பொன்னாடை போர்த்திருவோம்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். கோயம்புத்தூர் என்றேன். என் எழுபத்திரண்டு வயதுவரை ஊர்ப் பெயரை மாற்றிச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

ஊர் திரும்பியதும், நான் கொடுத்த சான்று மெய்தானா என்று விழா மலரை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தேன். வரிசையில் முதலில் நிற்பவர் மேட்டுத்தெருச் சரசாள். குழாயின் கடைசியில், மேட்டில் இருக்கும் நாற்பத்து மூன்று வீடுகள் கொண்ட தெரு அது. படத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அன்று எங்கள் பந்தலுக்கு எதற்காக வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாமி கும்புட வர்றவ காலிக் கொடத்தையா இடுப்புல வெச்சுட்டு வருவா? எங்க கொழாயில மூணு நாளாத் தண்ணி ஏறலீங்க. உங்க தொட்டியில வழியறதுதான் எங்க தண்ணீன்னு எல்லாத்துக்கும் தெரியுமுங்க. உங்களுக்கும் தெரியுமுன்னுதான் நெனச்சனுங்க" என்றார்.

எனக்குத் தெரியாது. பந்தலில் ஒரு நாளைக்கு ஓடிய தண்ணீரை நாற்பத்து மூன்று வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு ஏறக்குறைய முந்நூறு லிட்டர். எங்கள் வீட்டுக்குப் பெருமை என்று நான் அச்சிட்ட படம், எங்கள் வீடு ஒரு தெருவின் தண்ணீரை எடுத்துக்கொண்டதற்கான சாட்சி. அதையே தங்களுக்கு எதிரான சான்றாகவும் கொடுத்திருந்தேன்.

அம்மையீர், அன்றே புகாரைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். பெறவில்லை. எழுதினால் பாட்டனார் பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் ஊர்வாயில் விழும் என்று எண்ணினேன். அடுத்த திருவிழா முடியட்டும் என்றேன். பிறகு நோய்க்காலம் வந்து இரண்டு வருடம் திருவிழாவே இல்லை. தாங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்ததும், இனி என்ன, வந்துவிட்டாரே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறு வருடம் இப்படிப் போயிற்று. மனம் துணியாத ஆறு வருடம் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

செயலில் சிறந்த செம்மையாளரே!

2022இல் திரும்பி வந்த தாங்கள், முன்பு விட்ட இடத்திலேயே தொடங்கினீர்கள். கை கழுவும் இடத்தில், அழுத்தினால் மட்டும் வரும் குழாய்களை வைத்தீர்கள். பெரிய டம்ளரை மாற்றிச் சின்ன டம்ளர் வைத்து, வேண்டுபவருக்கு மறுபடி ஊற்றச் செய்தீர்கள். அரிசி களைந்த நீர் சாக்கடைக்குப் போகாமல், திருவிழாச் சந்தைக்கு வரும் மாடுகளின் தொட்டிக்குப் போனது. பாத்திரங்களை ஓடும் தண்ணீரில் கழுவாமல் மூன்று அண்டாக்களில் அலசும் முறையைச் சமையல்காரர்களுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தீர்கள். தலைமைச் சமையல்காரர் முதல் நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போனதையும், மறுநாள் தாங்கள் போட்டுக் கொடுத்த காபிக்காகத் திரும்பி வந்ததையும் கமிட்டியார் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பந்தலையும் சேர்த்து ஒருவருக்குப் பத்தொன்பது லிட்டராக இருந்த செலவு, பந்தலைச் சேர்க்காமல் இந்த ஆண்டு ஏழு லிட்டர். மேட்டுத்தெருவுக்குத் திருவிழா நாட்களில் காலை ஒரு மணி நேரம் தண்ணீர் ஏறுகிறது. முன்னர் ஏறாதது, இப்போது ஒரு மணி நேரம் ஏறுகிறது. அது போதாது என்று தங்கள் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறீர்கள்.

போதாததற்குக் காரணமும் நானே. பந்தல் குழாயை மூடவோ அதில் மீட்டர் வைக்கவோ நான் இசையவில்லை; அது எங்கள் குடும்ப விஷயம் என்றேன். தாங்கள் வாதாடவில்லை. ஒவ்வொரு ஆண்டும் கோயில் வாசல் கரும்பலகையில் எல்லா இடத்து அளவையும் எழுதிவிட்டு, கடைசி வரியில், 'பெரிய தோட்டத்து நீர்ப்பந்தல்: அளக்கப்படவில்லை' என்று எழுதினீர்கள். நான்கு ஆண்டுகள் அந்த வரியைக் கடந்துதான் நான் கோயிலுக்குள் போனேன். அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அதுவும் சரியான அளவே.

ஆறுச்சாமி வந்து சொன்ன மறுநாள் குடிநீர்ப் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். ஸ்டோர் அறையில் அந்தப் பழைய மீட்டர், தங்கள் கையெழுத்திட்ட அட்டையோடு கட்டியபடியே இருந்தது. அதைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னேன். அளவு சரி என்று தாள் வந்தது. புகாரைத் திரும்பப் பெற்று, அது பொய்ப் புகார் என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டில் அந்த வரியை அடித்து, காரணத்தையும் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். அதன் நகலைச் சற்று முன்பு அலுவலரே தங்கள் கையில் கொடுத்தார்.

பதவி உயர்வைத் தர முடியுமா என்று கேட்டேன். காலம் கடந்துவிட்டது, விதியில் இடமில்லை என்றார்கள். ஆறு வருடம் முன்பு வந்திருந்தால் முடிந்திருக்கும் என்று அங்கிருந்த கிளார்க் ஒருவர் சொன்னார். தாயாரோடு இருந்திருக்க வேண்டிய அந்த ஐந்து வருடத்தைத் தரும் விதி எந்த அலுவலகத்திலும் இல்லை. நாங்கள் எடுத்ததில் திருப்பித் தர முடிந்தது தங்கள் பெயர் ஒன்றைத்தான். அதையும் கடைசி மாதத்தில் தந்திருக்கிறோம்.

என் தம்பிமார் இம்மடலை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம், சபையில் வேண்டாம் என்றார்கள். புகாரை நான் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே இதையும் சபையிலேயே படிக்கிறேன். பெரிய தோட்டத்து வீட்டுக்கு மானம் உண்டு என்று எழுபத்தெட்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். அது உண்மையானால் இதைப் படிக்கும்போது என் குரல் தணியக் கூடாது. வரும் பங்குனியில் பந்தலுக்குக் குழாய் இணைப்பு இருக்காது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஏழு பானைகளில் வைப்போம். அதையும் அளந்து பலகையில் எழுத, தங்கள் இடத்துக்கு வருபவரை இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.

நிறைவாக ஒன்று. இத்தகைய விழாக்களில் மடல் வாசித்து முடிந்ததும் ஏற்புரை சொல்லும் வழக்கம் உண்டு. தங்களுக்கு எல்லாரிடமும் மரியாதை அதிகம். என் வயதுக்காகவும் இந்தச் சபைக்காகவும், போகட்டும், பரவாயில்லை என்று தாங்கள் சொல்லிவிடக் கூடும் என்று அஞ்சுகிறேன். வேண்டாம் அம்மையீர். பரவாயில்லை என்பது இங்கே சரியான அளவாகாது. மன்னிப்பதும் மன்னிக்காததும் தங்கள் வீட்டில், தங்களுக்கு வேண்டிய நாளில், தாங்கள் தீர்மானிக்க வேண்டியது. இன்று இந்த மாலையை மட்டும் ஏற்றுக்கொண்டு, எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருங்கள். எழுந்து நிற்பவர்கள் நாங்களாக இருக்கட்டும்.

கால் வலியும் கண் மங்கலும் அண்டாமல், மனம் விரும்பிய ஊருக்குப் பகலில் போய்ப் பகலில் திரும்பி, தாயாரின் பக்கத்திலேயே நெடுங்காலம் நலமாக வாழ மாரியம்மன் அருள் புரியட்டும்.

ஆலம்பதி

இங்ஙனம்,
ராக்கப்பன், பெரிய தோட்டம் (புகார் எழுதியவன்)
ஆறுச்சாமியும் குடிநீர்ப் பிரிவுப் பணியாளர்களும்
மாரியம்மன் திருவிழாக் கமிட்டியார்
மேட்டுத்தெரு நாற்பத்து மூன்று வீட்டாருக்காக, சரசாள்